கையெழுத்திடாத மொழிபெயர்ப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர்
10 ஜூன் 2024
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

பேராசிரியை செல்வி ஜெனிலா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் வைத்து மனுக்கள் அடித்துக் கொடுக்கும் ஞானரத்தினம் எழுதிக்கொள்வது. உங்களிடம் மூன்று வருடம் ஸ்பானிஷ் மொழியும் இலக்கியமும் படித்த பிளஸ்ஸியின் தகப்பன். போன வாரம் உங்களைப் பார்க்க ராஜபாளையம் வந்து கல்லூரி வாசலில் இரண்டு மணி நேரம் நின்றேன். நீங்கள் பின்பக்கக் கேட் வழியாகப் போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். ஆகவே எழுத்தில் கேட்கிறேன். வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது, தபாலுக்கு உண்டு.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தொழில் பழக்கம், பொறுத்துக்கொள்ளவும். உங்கள் சிபாரிசின்பேரில் என் மகளும், மகாராஜபுரம் கருத்தப்பாண்டி மகள் காளீஸ்வரியும் சென்ற செப்டம்பரில் ஒரு வருட மேற்படிப்புக்காக ஸ்பெயின் போனார்கள். ஒரே அறையில் தங்கினார்கள். பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலையில் என் மகள் அந்த ஊர் ஆற்றில் இறந்தாள். இருபத்திரண்டாம் தேதி பெட்டி திருவனந்தபுரம் வந்தது. பெட்டியோடு காளீஸ்வரியும், அந்த ஊர்ப் போலீஸ் கொடுத்த மூன்று பக்க அறிக்கையும் வந்தன. ஸ்பானிஷ் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒருவர்தான். அன்று என் வீட்டில் உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தீர்கள். "ஆற்றங்கரையில் நடக்கும்போது கால் தவறி விழுந்து" என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்துவிட்டுத்தான் சபையில் அடக்கத்துக்கு மணி அடித்தார்கள்.

உங்கள் மொழிபெயர்ப்பை நான் அநேக தடவை படித்துவிட்டேன். அன்று காலை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. உடம்பில் கோட்டு இல்லை என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் கோட்டு இல்லாமல் நடக்கப் போகிறவள் யார்? அந்தக் கோட்டை நான் பார்த்தேன். திருவனந்தபுரத்தில் காளீஸ்வரி போட்டுக்கொண்டு நின்றாள். நான் எடுத்துக் கொடுத்த ஊதா நிறக் கோட்டு.

என் மகளைக் கோட்டைக்கூட எடுக்க விடாமல் அறையிலிருந்து விரட்டியவள் அவள்தான் என்று கோர்ட்டில் மனுப் போடப் போகிறேன். உங்கள் மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் "மூலத்துக்குச் சரியானது" என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பவும். நகல் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
த. ஞானரத்தினம்


ராஜபாளையம்
17 ஜூன் 2024

மதிப்பிற்குரிய ஐயா,

ஸ்தோத்திரம். பின்பக்கக் கேட் வழியாகப் போனது நிஜம். உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. இதற்கு மேல் அதை நல்லபடியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்ட கையெழுத்தை நான் போட முடியாது. கோர்ட்டுக்குக் கொடுக்கும் மொழிபெயர்ப்பைச் செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது. நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், அவ்வளவுதான். அன்று உங்கள் வீட்டில் எழுதியது அவசரத்தில், அழுதுகொண்டிருந்த ஜனங்களுக்கு நடுவில், மடியில் ஒரு காலண்டர் அட்டையை வைத்துக்கொண்டு எழுதியது. அதை வைத்து ஒருத்தியின் மேல் பழி போடாதீர்கள்.

காளீஸ்வரியை எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். மகாராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து முதல் பெஞ்சில் உட்காருவாள். வினைச்சொல் மாற்றங்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொல்வேன். அவள் தப்பும் தவறுமாகச் சொல்வாள், பிளஸ்ஸி உதட்டை அசைத்து எடுத்துக் கொடுப்பாள். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிடுவேன். ஒருத்தியை ஒருத்தி விரட்டுகிற பிள்ளைகள் இல்லை அவர்கள். கோட்டை பிளஸ்ஸிதான் அவளுக்குக் கொடுத்தாள். காளீஸ்வரி என்னிடம் சொன்னாள், நான் நம்புகிறேன்.

இந்த வருடம் என் வகுப்பில் பதினொரு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். போன வருடம் பத்தொன்பது. "ஒரு பிள்ளையைக் கொன்ற பாடம்" என்று ஒரு தாயார் அலுவலக அறையில் என் காதுபடச் சொன்னார்.

மனுப் போட வேண்டாம், ஐயா. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெனிலா


ஸ்ரீவில்லிபுத்தூர்
24 ஜூன் 2024
பதிவுத் தபால்

பேராசிரியை அவர்களுக்கு,

இருபத்தெட்டு வருடமாகக் கோர்ட்டு வாசலில் இருக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ சொல்லும் சாட்சிகளை நாள்தோறும் பார்க்கிறேன். சரியா, தப்பா என்று கேட்டேன். நீங்கள் அதிகாரம் இல்லை என்கிறீர்கள். அதிகாரம் இல்லாதவர் அன்றைக்கு ஏன் பேனாவை எடுத்தீர்கள்?

உங்களை நான் எம்புட்டு நம்பினேன் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டாம் வருடப் பெற்றோர் தினத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து தன் தாய் தகப்பனைப் பற்றி ஸ்பானிஷில் பேசியது. நீங்கள் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னீர்கள். பிளஸ்ஸி பேசியபோது, "என் அப்பாவைப் போல மற்றவர்களின் துயரத்தை எழுத்தில் கொண்டுவர ஆசைப்படுகிறேன்" என்று சொன்னீர்கள். கோர்ட்டு வாசலில் அதை நான் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. பக்கத்து மேசை மாரிசாமி, "கொடுத்து வச்சவரு நீரு" என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் அவளைக் கடல் தாண்டி அனுப்பத் துணிந்தேன்.

மனுப் போட்டாகிவிட்டது. ஜூலை இருபத்திரண்டில் விசாரணை. நீங்களும் சாட்சிப் பட்டியலில் இருக்கிறீர்கள்.

நேற்று கருத்தப்பாண்டி என் மேசைக்கு வந்தார். தோளில் துண்டில்லை, கையில் வைத்திருந்தார். "அண்ணாச்சி, எம்பிள்ள ஒரு பாவமும் அறியாது. மூணு தடவ ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ஒக்கார வச்சிட்டாக. சோறே திங்க மாட்டேங்கா" என்றார். "எம்பிள்ளயும் சோறு திங்க மாட்டேங்கா, கல்லறைத் தோட்டத்துல" என்றேன். அவர் துண்டைத் தோளில் போடாமலே திரும்பிப் போனார். நான் அப்படிச் சொன்னது சரியில்லை என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் திரும்பக் கூப்பிடவில்லை.

உங்கள் பாடத்தைக் காப்பாற்றிக்கொள்ள நீங்கள் அந்தப் பெண்ணுக்குப் பரிந்து பேசுகிறீர்கள் என்பது என் முடிவு.

த. ஞானரத்தினம்


ராஜபாளையம்
2 ஜூலை 2024

மதிப்பிற்குரிய ஐயா,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மகாராஜபுரம் போய் வந்தேன். காளீஸ்வரி அடுப்படிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டதும் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். எலும்பும் தோலுமாக இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மிஸ், ஸ்டேஷன்ல என்ன கேட்டாலும் எனக்குத் தெரியாதுன்னே சொல்லுதேன். நீங்க அப்படித்தான சொல்லச் சொன்னீக. இன்னும் எம்புட்டு நாளைக்குச் சொல்லணும்?" என்று கேட்டாள்.

ஐயா, அவள் வாயைக் கட்டியது நான். திருவனந்தபுரத்தில் அவள் கையைப் பிடித்து, "என்ன நடந்ததுன்னு யாருகிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கினேன். அவள் இன்று வரை அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் அவளைக் கொலைகாரி என்று எழுதிய பிறகும் காப்பாற்றுகிறாள்.

இனி முடியாது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். என் மொழிபெயர்ப்பு தப்பு. தெரிந்தே செய்த தப்பு.

மூன்றாம் பக்கத்தில் "கால் தவறி" என்று மூலத்தில் இல்லை. அவள் தானாக ஆற்றுக்குள் இறங்கினாள் என்று இருக்கிறது. பாலத்தின் மேல் போன இரண்டு பேர் அதைப் பார்த்துச் சத்தம் போட்டு ஓடி வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பெயரும் வாக்குமூலமும் இருக்கின்றன. கரையில் வேறு யாரும் இல்லை என்று இருவரும் சொல்லியிருக்கிறார்கள். அந்த நான்கு வரிகளை நான் விட்டுவிட்டு, ஒரு வரியை நானாக எழுதினேன். காளீஸ்வரி அந்த நேரம் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கோட்டு முந்தின நாள் சாயங்காலமே அவள் கைக்கு வந்துவிட்டது. "எனக்கு இனி வேண்டாம், நீ போட்டுக்கோ, உனக்குத்தான் குளிர் தாங்காது" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று காளீஸ்வரிக்கு அப்போது புரியவில்லை. அதை நினைத்துத்தான் அவள் சாப்பிடாமல் இருக்கிறாள், போலீஸுக்குப் பயந்து அல்ல.

ஏன் மாற்றினேன் என்று கேட்பீர்கள். அன்று உங்கள் வீட்டு வாசலில் சபையின் கமிட்டியார் நான்கு பேர் நின்றது நினைவிருக்கும். தற்கொலை என்றால் பெட்டியைக் கோயிலுக்குள் வைக்க மாட்டோம், மணி கிடையாது, மதில் ஓரத்தில்தான் குழி என்று அவர்களில் எட்வின் ஐயா என்னிடம் தனியாகச் சொன்னார். "பாத்து எழுதும்மா" என்றார். உள்ளே உங்கள் மனைவி பெட்டியின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தார்கள். நான் பார்த்து எழுதினேன்.

அது இப்படி ஒரு பெண்ணின் கழுத்துக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை. சரியான மொழிபெயர்ப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். இதில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மனுவை வாபஸ் வாங்குங்கள்.

ஜெனிலா


ஸ்ரீவில்லிபுத்தூர்
6 ஜூலை 2024
பதிவுத் தபால்

பேராசிரியை அவர்களுக்கு,

பிப்ரவரியில் ஒன்று எழுதினீர்கள். ஜூலையில் இன்னொன்று எழுதுகிறீர்கள். இரண்டும் ஒரே கையெழுத்து. எதை நம்புவது? மாரிசாமி செல்போனில் படம் பிடித்தால் தமிழில் வந்துவிடும் என்கிறார். யந்திரத்தின் வார்த்தை எனக்கு வேண்டாம். சென்னையிலிருந்து அதிகாரமுள்ள ஒருவரை வைத்து மொழிபெயர்த்து வாங்குவேன்.

நீங்கள் சொல்வது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். தானாக இறங்கினாள். ஏன் இறங்கினாள்? காரணம் இல்லாமல் எவரும் சாவதில்லை. உங்கள் வகுப்பில் முதல் மாணவி. உதவித்தொகை வாங்கிப் போனவள். வீட்டில் ஒரே பிள்ளை. அவளுக்கு ஒரு குறையும் நான் வைத்ததில்லை. அங்கே அவளோடு இருந்தது ஒருத்திதான். அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள், அல்லது ஏதோ செய்திருக்கிறாள். விரட்டிச் சாகடித்தவளுக்கு ஒரு பிரிவு என்றால் தூண்டியவளுக்கு இன்னொரு பிரிவு இருக்கிறது. மனுவைத் திருத்தி அடித்துவிட்டேன்.

நீங்கள் இன்னும் எதையோ மறைக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது, என் மகளின் சாவுக்கு மட்டும் இல்லை. காரணத்தை எழுத்தில் காட்டுங்கள், வாபஸ் வாங்குகிறேன். காட்ட முடியாவிட்டால் இருபத்திரண்டாம் தேதி கூண்டில் பார்ப்போம்.

என் மனைவியிடம் நீங்கள் எழுதியதைச் சொல்லவில்லை. அவள் தினமும் கல்லறைக்குப் போய் வருகிறாள். "வழுக்கி விழும்போது பிள்ள என்னயக் கூப்பிட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையில்தான் அவள் எழுந்து நடமாடுகிறாள்.

த. ஞானரத்தினம்


ராஜபாளையம்
13 ஜூலை 2024

ஐயா,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். உங்கள் மேல் கோபத்தோடு தொடங்கினேன், கிழித்தேன். இரக்கத்தோடு எழுதினேன், அது பழைய குணம்தான் என்று தோன்றியது, அதையும் கிழித்தேன்.

முதலில் பெற்றோர் தினம். அன்று பிளஸ்ஸி சொன்னது நான் உங்களுக்குச் சொன்னது அல்ல. "என் அப்பா நாள் முழுவதும் ஊரார் துயரத்தைக் கேட்டு எழுதுகிறார். வீட்டுக்கு வந்தால் என்னை எதுவும் கேட்பதில்லை" என்று சொன்னாள். நான்தான் இனிப்புத் தடவினேன். அவளுக்கு மட்டும் அல்ல. வருடாவருடம் அப்படித்தான். ஒரு பையன் அப்பா குடிக்கிறார் என்பான், நான் அப்பா பாடுபடுகிறார் என்பேன். தகப்பன்மார் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. தாய் தகப்பனின் முகத்துக்கு நேராகத் தங்கள் மனதில் உள்ளதைச் சொல்லிவிடலாம், மிஸ் அதை நல்லதாக்கிவிடுவார்கள். நானும் அதைப் பெருமையாக நினைத்தேன். இந்த ஊரில் ஸ்பானிஷ் எதற்கு என்று கேட்பவர்களிடம், பிள்ளைகள் மனதைத் திறப்பதற்கு என்று சொல்லித் திரிந்தேன்.

இரண்டாவது, பிளஸ்ஸி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள். அது கோட்டின் உள்பைக்குள் இருந்தது. விமானத்தில்தான் காளீஸ்வரி பார்த்தாள். ஸ்பானிஷில் எழுதியது. என் பெயருக்கு எழுதியது. உங்களுக்கும் அவள் அம்மாவுக்கும் நான் வாசித்துச் சொல்வதற்காக எழுதியது. கீழே தமிழில் தருகிறேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"மிஸ், இது உங்கள் கைக்கு வரும்போது நான் இருக்க மாட்டேன். முதல் வாரம் வகுப்புக்குப் பால்கோவா கொண்டுபோனேன். நீங்கள் கற்றுத்தந்த மரியாதைச் சொற்களைச் சொல்லி நீட்டினேன். சிரித்தார்கள். என் பேச்சு நானூறு வருடத்துக்கு முந்தைய நாடகம் மாதிரி இருக்கிறதாம். அவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை. இரண்டாம் மாதம் என்னை ஆரம்ப வகுப்பில் போட்டார்கள். அதிலும் தேறவில்லை. நவம்பருக்குப் பிறகு நான் வகுப்புக்கே போகவில்லை. நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். காளீஸ்வரி சமாளித்துக்கொண்டாள், தப்பாகப் பேசினாலும் அவளுக்கு வெட்கம் இல்லை. அவள் என்னைச் சாப்பிட வைத்தாள். அவளை யாரும் எதுவும் சொல்லக் கூடாது. திரும்பி வந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். இப்போது வந்தால் கோர்ட்டு வாசலில் எப்படி உட்காருவேன் என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் பார்க்கிற இடத்தில் அது நிஜம்தான். அம்மாவிடம் கால் வழுக்கிவிட்டது என்று சொல்லுங்கள். அப்பாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வழக்கம்போல நீங்களே நல்லதாக மாற்றிச் சொல்லிவிடுங்கள். பிளஸ்ஸி."

இதுதான் காரணம். எழுத்தில் கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். மூலக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். கமிட்டியார் மட்டும்தான் காரணம் என்று போன கடிதத்தில் எழுதியது பாதி. அவர்கள் வாசலில் நின்றது நிஜம். ஆனால் என் கைப்பையில் இந்தக் கடிதம் இருந்தது. தகப்பனைப் பற்றிய அந்த வரியை உங்கள் முகத்துக்கு நேராக வாசிக்க என்னால் முடியவில்லை. சாவு விபத்து என்றால் இந்தக் கடிதமே தேவைப்படாது என்று நினைத்தேன்.

உங்களை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. டிசம்பரில் அவள் எனக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். ஒரு பக்கம், ஸ்பானிஷில். இங்கே இருக்க முடியவில்லை மிஸ், என்ன செய்ய என்று கேட்டிருந்தாள். அதில் ஒன்பது இலக்கணப் பிழைகள் இருந்தன. எல்லாவற்றையும் சிவப்பில் திருத்தி, "நீ இப்படி எழுதலாமா" என்று ஒரு வரி போட்டுத் திருப்பி அனுப்பினேன். என் கெட்டிக்கார மாணவி பிழை விடுகிறாளே என்றுதான் எனக்கு வருத்தம் வந்தது. அவள் அழுவது எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் எனக்கு எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

அவர்கள் தெருவில் எப்படிப் பேசுகிறார்கள் என்று நான் ஒருநாளும் கற்றுக்கொடுத்ததில்லை. எனக்கே தெரியாது, ஐயா. நான் அந்த நாட்டுக்குப் போனதே இல்லை. டெல்லியில் புத்தகத்தில் படித்ததை இங்கே சொல்லிக்கொடுத்தேன்.

இருபத்திரண்டாம் தேதி கூண்டில் ஏறச் சொன்னால் ஏறுவேன். அங்கே இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டி வரும். அதற்கு முன்னால் நீங்கள் வாபஸ் வாங்கிவிட வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

ஜெனிலா


ஸ்ரீவில்லிபுத்தூர்
20 ஜூலை 2024

டீச்சருக்கு,

இது சாதாரணத் தபாலில் வரும். ஒப்புகை வேண்டாம்.

மனுவை வாபஸ் வாங்கிவிட்டேன். மெமோவில் காரணம் எழுதும் இடத்தில் "மனுதாரர் வழக்கை நடத்த விரும்பவில்லை" என்று அடிப்பதுதான் வழக்கம். ஆயிரம் பேருக்கு அப்படி அடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அப்படி அடிக்க வரவில்லை. "காளீஸ்வரி மேல் சொன்னது பொய். அவள் என் மகளைச் சாப்பிட வைத்தவள்" என்று அடித்துக் கையெழுத்துப் போட்டேன். மகாராஜபுரம் போய் அதன் நகலைக் கருத்தப்பாண்டி கையில் கொடுத்தேன். அவருக்கு வாசிக்க வராது. அந்தப் பெண் வாங்கி வாசித்துவிட்டு உள்ளே போய் ஊதாக் கோட்டை எடுத்து வந்து நீட்டினாள். "நீயே வச்சுக்கோம்மா, அவ உனக்குத்தான தந்தா" என்றேன். வேண்டாம் என்று வாசல் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நானும் எடுக்கவில்லை.

என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கமிட்டியாரிடமும் சொன்னேன். மணி அடித்ததை இனித் திரும்ப வாங்க முடியாது, போகட்டும் என்றார்கள். என் மனைவி மறுநாள் காலையில் சாத்தூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். எப்போது வருவாள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

செல்போனில் படம் பிடித்தால் தமிழில் வரும் என்று மாரிசாமி சொன்னதற்கு யந்திரத்தை நம்ப மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அது பொய். அந்த அறிக்கையை நான் மார்ச் மாதமே படம் பிடித்துப் பார்த்தேன். "தானாக" என்ற சொல் வந்தது. போனை அணைத்துவிட்டேன். உங்கள் மொழிபெயர்ப்பே எனக்குப் போதுமாக இருந்தது. அதில் குறை கண்டுபிடித்து, கோட்டைக் கண்டுபிடித்து, ஒருத்தியைக் கண்டுபிடித்து மனு அடித்தேன். அடித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் தூக்கம் வந்தது, டீச்சர்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, மத்தியானம். ஒரு பாகப்பிரிவினை மனு அவசரமாக அடித்துக்கொண்டிருந்தேன். கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார். போன் வந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அடித்துக்கொண்டே பேசினேன். "அப்பா, நான் வந்துருதேம்ப்பா. எனக்கு இங்க முடியல" என்றாள். "ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? இப்ப வந்தா நான் கோர்ட்டு வாசல்ல எப்படி ஒக்காருவேன்? ஆறு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு" என்றேன். மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவையும் சொன்னாள். "பொறவு பேசுதேன், ஆளு இருக்காக" என்று வைத்தேன். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. மனுவில் அன்றைக்கு ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

பெற்றோர் தினத்தில் அவள் சொன்னதை நீங்கள் மாற்றியதற்காக உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. அன்றைக்கே உள்ளபடி சொல்லியிருந்தால் நான் கோபித்துக்கொண்டு உங்கள் வகுப்பிலிருந்து அவளை நிறுத்தியிருப்பேன். அவள் வீட்டில் இருந்திருப்பாள்.

ஆனால் கடிதத்தில் இருந்த அந்த வரியை எனக்குத் தெரியாமல் வைக்க நீங்கள் பொய் எழுதினீர்கள், ஒரு பெண்ணின் வாயைக் கட்டினீர்கள், ஐந்து மாதம் பின்பக்கக் கேட் வழியாகப் போனீர்கள். அதற்கு எந்த அவசியமும் இல்லை, டீச்சர். அவள் அதை எனக்குத் தமிழிலேயே சொல்லியிருந்தாள்.

ஞானரத்தினம்